கணக்குக்கு மட்டும் நான்காம் வகுப்பு

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் நீ மூன்று விஷயம் கேட்டாய். பள்ளியில் உன் மகனை இரண்டாம் வகுப்பிலிருந்து நேராக நான்காம் வகுப்பில் உட்காரவைக்கலாம் என்கிறார்களாம், ஒத்துக்கொள்வதா? மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு அவனுக்காகவே வீட்டில் இருக்கப் போகிறாராம், சம்மதிப்பதா? என் தம்பி, அதாவது உன் அப்பா, பேரனுக்கு யூடியூப் சேனல் தொடங்கிவிட்டான், அது நல்லதா? பாதி நேரம் நீ அழுதுகொண்டிருந்தாய். அதனால் அன்றைக்கு எனக்கும் சரியாகப் பேச வரவில்லை. எழுதி அனுப்பினால் மாப்பிள்ளையும் படிப்பார் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதற்காக மட்டும் நீ கேட்கவில்லை என்று தெரியும். என் மகளும் இப்படித்தான் வளர்ந்தாள். கரையில் மீன் ஏலம் நடக்கும்போது பக்கத்தில் நின்றுகொண்டு, இத்தனை கூடை இத்தனை ரூபாய் என்று ஏலக்காரர் கணக்குப் போடுவதற்குள் மொத்தத் தொகையைச் சொல்லிவிடுவாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அதே ஆறு வயதில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு தடுக்கி விழுவாள், இருட்டில் கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் கேட்பாள், பல்லாங்குழியில் தோற்றால் முத்துகளை வாரி வீசிவிட்டு அழுவாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஏலக் கதையைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். செருப்புக் கதை எனக்கும் உன் மாமாவுக்கும் மட்டும் மிஞ்சியது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது முழுக்க அந்தச் செருப்புக் கதையைப் பற்றித்தான். உன் மகனுக்குள் முன்னால் ஓடுவது ஒரு பகுதி. மீதிப் பையனுக்கு ஏழு வயதுதான் ஆகிறது.

வகுப்பு தாவுவதை எடுத்துக்கொள். வெளிநாட்டில் இதைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1971-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்பவர் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும்வரை பின்தொடரும் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். சீக்கிரமாக மேல்பாடத்துக்குப் போன பிள்ளைகள் பொதுவாக நன்றாகவே இருந்தார்கள் என்றுதான் அதில் தெரிந்தது. ஆகவே தாவினாலே பிள்ளை கெட்டுப்போவான் என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதே. ஆனால் ஸ்டான்லி தேடிப் பிடித்த பிள்ளைகள் பெரும்பாலும் 12, 13 வயதுக்காரர்கள். நம்மவனுக்கு எழுத்து இன்னும் கோட்டில் நிற்கவில்லை, டிபன் டப்பாவைத் திறக்கப் பக்கத்துப் பையனைக் கேட்கிறான் என்று நீயே சொன்னாய். நான்காம் வகுப்பில் ஒரு பக்கம் முழுக்கப் பார்த்து எழுதச் சொல்வார்கள். கணக்குப் பாடத்தில் ராஜாவாகவும் மற்ற எல்லாப் பாடத்திலும் கடைசி ஆளாகவும் உட்கார்ந்திருப்பான்.

அதனால் பள்ளியிடம் இப்படிக் கேள்: கணக்குப் பாடவேளையில் மட்டும் நான்காம் வகுப்பில் போய் உட்காரட்டும், மணி அடித்ததும் தன் வகுப்புக்குத் திரும்பட்டும். கால அட்டவணையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும், முதலில் முடியாது என்பார்கள். ஒரு பருவம் பார்க்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். பள்ளிக்கூடத்தின் உள்ளே இருந்தவள் சொல்கிறேன், ‘நிரந்தரமாக’ என்ற சொல்தான் தலைமையாசிரியர்களைப் பயமுறுத்தும். இன்னொன்றையும் மாப்பிள்ளையிடம் சொல்லிவை. நீட் எழுத வேண்டுமானால் சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். இரண்டு இரண்டாகத் தாவிப் போன பிள்ளை அந்த வாசலில் வயது வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஐக்யூ சோதனை எடுக்கலாமா என்று இடையில் கேட்டாய். செலவழித்துத்தான் ஆகவேண்டும் என்றால் எடு. ஆனால் அந்த எண்ணை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. 1921-இல் கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் இந்தச் சோதனையை வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேதைக் குழந்தைகளைப் பொறுக்கி எடுத்தார். சோதனை எழுதியும் மதிப்பெண் போதாமல் விடுபட்டவர்களில் இரண்டு பையன்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும். பின்னாளில் இரண்டு பேருமே இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள். தேர்வான பிள்ளைகளில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை.

இனி வீட்டில் என்ன செய்வது என்பது. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அவனுக்குச் சலிக்கிறது, அதனால்தான் வகுப்பில் அடுத்த பையனைக் கிள்ளுகிறான். சலிப்புக்கு மருந்தாக நீங்கள் மூன்றாம் வகுப்புப் புத்தகம், பிறகு நான்காம் வகுப்புப் புத்தகம் என்று வாங்கிக் கொடுக்கிறீர்கள். அவன் அதை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்கிறான். இப்படியே போனால் பத்து வயதில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை முடிப்பான், அதற்கப்புறம்? வேகத்துக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க உன்னால் முடியாது. உட்கார்ந்து தோண்டுகிற மாதிரி ஏதாவது கொடு.

ஓர் உதாரணம் சொல்கிறேன், இன்றைக்கே செய்து பார்க்கலாம். எல்லாமே ஒரே இலக்கமாக இல்லாத ஒரு நான்கு இலக்க எண்ணை எழுதச் சொல். 3524 என்று எழுதினான் என்று வை. அந்த இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் 5432, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் 2345. கழித்தால் 3087. இதையும் அப்படியே அடுக்கு: 8730, 0378, கழித்தால் 8352. மறுபடியும்: 8532, 2358, கழித்தால் 6174. இனி எத்தனை தடவை செய்தாலும் 6174-தான் வரும். வேறு எண்ணில் ஆரம்பித்தாலும் ஏழு படிக்குள் இங்கேதான் வந்து சேரும். இதைக் கண்டுபிடித்த காப்ரேக்கர் நாசிக் பக்கம் தேவ்லாலியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் இல்லாதவர், வாழ்நாள் முழுக்க எண்களோடு விளையாடிக்கொண்டே இருந்தவர்.

நம்மவன் முதல் நாள் இருபது எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டுக் குதிப்பான். அப்போது நீ கேட்கவேண்டியது: மூன்று இலக்கத்தில் செய்தால் எந்த எண் வரும்? இரண்டு இலக்கத்தில் ஏன் ஒரே எண்ணில் போய் நிற்பதில்லை? அப்புறம், ‘ஏன் இப்படி?’ இந்தக் கடைசிக் கேள்விக்கு அவனுக்கு உடனே பதில் வராது. உனக்கும் வராது. அதுதான் வேண்டும். பதில் வராத ஒரு கேள்வியோடு சில நாள் கிடக்கப் பழகாத கெட்டிக்காரப் பிள்ளை, பெரிய வகுப்பில் முதல்முதலாக ஒரு கணக்கு தடுக்கும்போது தனக்கு மூளை போய்விட்டது என்றே நினைத்துக்கொள்ளும். பதினொன்றாம் வகுப்பில் அப்படி உடைந்து உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாருமே சின்ன வகுப்புகளில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள்.

இதற்கெல்லாம் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். ராமானுஜன் கதையை எல்லாரும் ஹார்டியில் போய் முடிக்கிறார்கள், எனக்கு அதற்கு முந்தைய பகுதிதான் பிடிக்கும். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த பையன், கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காமல் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. தாளுக்குக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்த காலம் அது. அந்த நிலைமையில் அவர் போய்ப் பார்த்தவர் நமக்குப் பக்கத்துத் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயர். இந்தியக் கணித சங்கத்தைத் தொடங்கியவர். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் இன்னார் என்று புரிந்துகொண்டார். அதன்பின் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே அவருக்கு மேலதிகாரி நாராயண ஐயர், அவரும் கணக்கு தெரிந்தவர். இரவில் இரண்டு பேரும் சிலேட்டோடு உட்காருவார்களாம். ராமானுஜன் ஒரு படியிலிருந்து எங்கேயோ தாவிவிடுவார். எனக்கே புரியவில்லையே, வேறு யாருக்குப் புரியும், நடுவில் உள்ள படிகளையும் எழுதப்பா என்று நாராயண ஐயர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் போனது 1913 ஜனவரியில். அதற்கு முன்னால் இப்படி ஒரு ஆள் தினமும் பக்கத்தில் இருந்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. உன் மகனுக்கும் அப்படி ஒருவரைத் தேடு. அவனைவிட மேதையாக இருக்க வேண்டியதில்லை. நடுப்படியை எழுதச் சொல்லத் தெரிந்தால் போதும், அவனிடமிருந்து தனக்கு எதுவும் வேண்டாதவராக இருந்தால் போதும். சென்னையில் கணித ஆசிரியர் சங்கம் ஒன்று 1965-இலிருந்து இருக்கிறது, ஏஎம்டிஐ என்பார்கள். தேசிய அளவில் பிள்ளைகளுக்குக் கணிதத் திறன் போட்டி நடத்துகிறார்கள். போட்டிக்கு இன்னும் வயதிருக்கிறது, அதைவிட அங்கே வந்துபோகும் வாத்தியார்களைப் பழக்கம் பிடித்துவை. ‘துளிர்’ இதழுக்குச் சந்தா கட்டு. அறிவியல் இயக்கத்துக்காரர்கள் நடத்துவது. அதில் வரும் புதிர்களை வீட்டில் எல்லாருமாகப் போட்டால் அவன் தனியாள் இல்லை என்று தெரியும்.

கூடவே, அவனுக்குச் சுத்தமாக வராத ஒரு காரியமும் வாரத்தில் இரண்டு நாளாவது இருக்க வேண்டும். என் மகளுக்கு அது வலை. பிய்ந்த கண்ணியைத் தைக்க அவள் தாத்தா உட்காரும்போது இவளையும் வலை ஊசியோடு உட்காரவைப்பார். எத்தனை வேகமாகக் கூட்டத் தெரிந்தாலும் நூல் விரலில் சுற்றிக்கொள்ளும், முடிச்சு நழுவும். பக்கத்தில், இரண்டாம் வாய்ப்பாடே தெரியாத அவள் சித்தி பையன் மடமடவென்று தைத்துக்கொண்டு போவான். இவள் முகம் சுருங்கும். தாத்தா சிரிப்பார், பிரித்துவிட்டு மறுபடி போடு என்பார். நீரோட்டம் எப்படி, இங்கே எத்தனை பாகம் ஆழம், கொண்டல் எப்போது வாடையாகத் திரும்பும் என்று அவருக்குத் தெரிந்ததில் கால்வாசி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. பள்ளிக்கூடம் பார்க்காத மனிதர் அவர். இந்தக் கரையில் அவரைப் போல எத்தனை பேரை யாரும் சோதித்துப் பார்க்காமலே விட்டோமோ என்று ஒரு கணக்கு டீச்சராக எனக்குத் தோன்றாத நாளில்லை. பெண் பிள்ளைகள் என்றால் இன்னும் மோசம், பன்னிரண்டு வயதில் கூடையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். சதுரங்கம் ஆடும் குகேஷின் அப்பா தொழிலை விடவில்லையா என்று அவர் கேட்பார். விட்டார். காது மூக்கு தொண்டை மருத்துவரான அவர் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார், நுண்ணுயிரியல் படித்த அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது, போட்டிச் செலவுக்கு நண்பர்கள் கைகொடுத்தார்கள். 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் 18 வயதில் அந்தப் பிள்ளை உலக சாம்பியன் ஆனது. ஆனால் அவர் தொழிலை நிறுத்தியபோது பையன் ஏற்கெனவே வெளிநாட்டுப் போட்டிகளில் ஜெயித்துக்கொண்டிருந்தான், பயணத்துக்குப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வேண்டியிருந்தது. சதுரங்கத்தில் போட்டி இருக்கிறது, தரவரிசை இருக்கிறது, ஆறு மாதத்தில் நிலவரம் தெரிந்துவிடும். ஏழு வயதுப் பையனின் கணக்குக்கு எந்த ஊர்ப் பயணம்? மாப்பிள்ளை காலையிலிருந்து இரவு வரை என்னதான் செய்வார்? அவனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அப்பாவின் சம்பளத்தை நிறுத்தியது தன் மூளைதான் என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் ஒரு கணக்கு தப்பாகப் போனால்கூட அது கடன் தவணை தவறிய மாதிரி ஆகிவிடும். அதே மாதிரி வேலையை விட்டுத் தெருவில் நின்ற குடும்பங்களும் சதுரங்கத்தில் உண்டு, அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வேலையை விட வேண்டாம், ஆறரை மணிக்கு வீட்டுக்கு வரச் சொல். போதும்.

உன் மகள் பாப்பாவைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ‘அண்ணன் மூளைக்காரன், இவள் விளையாட்டுப் பிள்ளை’ என்று உன் வாயிலிருந்தே இரண்டு தடவை வந்தது. பிரக்ஞானந்தா வீட்டில் முதலில் சதுரங்கம் கற்றது அக்கா வைஷாலி, அதுவும் டி.வி. பார்ப்பதைக் குறைக்கத்தான். தம்பி 2018-இல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். அக்காவுக்கு அது 2023-இல்தான் கிடைத்தது. நடுவில் இருந்த அந்த வருஷங்களில் அக்காவை யாரும் தம்பியின் துணைப்பாத்திரம் என்று ஒதுக்கியிருந்தால், 2023-இலும் 2025-இலும் மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியை வென்றவர் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

இந்தப் பையனை என்னவாக ஆக்குவது என்று மாப்பிள்ளை இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாய். அதற்கு நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. நம் வீட்டிலிருந்து குருசுக்குப்பம் தாண்டித் தெற்கே நடந்தால் ஆசிரமம் வந்துவிடும். அங்கே சமாதியில் பூ வைத்துக் கும்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அரவிந்தரின் அப்பாவைத் தெரியும்? டாக்டர் கிருஷ்ணதன் கோஷ். தன் பிள்ளைகள் ஐ.சி.எஸ். அதிகாரிகளாக வேண்டும் என்று முடிவு கட்டி, 1879-இல் ஏழு வயதுப் பிள்ளையை அண்ணன்களோடு இங்கிலாந்தில் கொண்டுபோய் விட்டார். இந்திய வாசனையே படக் கூடாது என்று அங்கே சொல்லியும் வைத்தார். பிள்ளையும் சொன்னபடியெல்லாம் ஜெயித்தது. லத்தீன், கிரேக்கம், செயின்ட் பால் பள்ளி, கேம்பிரிட்ஜ் உதவித்தொகை, ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் தேர்ச்சி. ஊரிலிருந்து பணம் வராத மாதங்களில் அண்ணன் தம்பிகள் அரைவயிற்றோடு கிடந்தார்கள். கடைசியில் மிச்சம் இருந்தது குதிரைச் சவாரிச் சோதனை ஒன்றுதான். இளைஞர் அதற்குப் போகவில்லை, ஐ.சி.எஸ். கைநழுவியது. அதே 1892-இல், மகன் வருவதாக நினைத்த கப்பல் மூழ்கிய செய்தி கேட்டு அப்பா இறந்துபோனார். மகன் அந்தக் கப்பலிலேயே இல்லை.

அந்த அப்பாவை நான் குறை சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததில் சிறந்ததைத்தான் கொடுத்தார். ஆனால் அவர் போட்ட வரைபடத்தில் பாண்டிச்சேரி என்ற ஊர் இல்லை. இங்கே வருவதற்குச் சற்று முன்னால் அரவிந்தர் கல்வியைப் பற்றி எழுதியபோது, எதையும் வெளியிலிருந்து புகட்ட முடியாது, பெற்றோர் விரும்பிய உருவத்துக்குப் பிள்ளையை அடித்து வளைப்பது அறியாமை என்ற பொருளில் எழுதினார். யாரை நினைத்து எழுதினாரோ! 1943-இல் அன்னை தொடங்கிய ஆசிரமப் பள்ளியில் இன்றும் பட்டம், சான்றிதழ் எதுவும் கொடுப்பதில்லை. எல்லாருக்கும் அது ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன், வேலைக்கு மனுப் போடும்போது நம்மைப் போன்றவர்களுக்குச் சான்றிதழ் வேண்டும். அதே தெருக்களில் பத்து வருஷம் இருந்த பாரதியாருக்கும் அவர் அப்பா இப்படி ஒரு வரைபடம் போட்டார். பதினோரு வயதில் எட்டயபுரத்தில் பட்டம் வாங்கிய கவிஞரை, அப்பா சின்னசாமி ஐயர் கணக்கும் ஆங்கிலமும் படிக்கத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். அந்தக் கசப்பை அவர் கடைசிவரை மறக்கவில்லை. தன் மகள்களுக்கு அப்பாவானபோது, இந்த ஊரில் இருந்து எழுதிய பாப்பா பாட்டில் விளையாட்டைத்தான் முதலில் வைத்தார்.

மாப்பிள்ளையின் தாளைக் கிழிக்க வேண்டாம். மடித்து எங்கேயாவது வைத்துவிடச் சொல்.

கடைசியாக அந்த சேனல். 1909-இல் வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ் என்ற பதினோரு வயதுப் பையன் ஹார்வர்டில் சேர்ந்தான். அப்பா உளவியலாளர், மகனைத் தன் முறையின் விளம்பரமாகவே ஆக்கிவிட்டார். அடுத்த ஆண்டு பேராசிரியர்கள் முன்னால் அவன் நாற்பரிமாண உருவங்களைப் பற்றிப் பேசியதைப் பத்திரிகைகள் கொண்டாடின. வளர்ந்த பின் அவர் யார் கண்ணிலும் படாமல் சின்னச் சின்னக் குமாஸ்தா வேலைகளில் ஒளிந்துகொண்டார். 1937-இல் ஒரு பத்திரிகை தேடிப் பிடித்துக் கேலியாக எழுதியது, வழக்குப் போட்டும் தோற்றார், 46 வயதில் இறந்துபோனார். அதே காலத்தில் அங்கேயே இருந்தார் நார்பர்ட் வீனர். 18 வயதில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பின்னாளில் பெரிய கணித அறிஞர். அவருடைய அப்பாவும் பத்திரிகையில், என் மகன் சாதாரணப் பையன்தான், எல்லாம் என் பயிற்சி என்று எழுதினார். அப்படியானால் ஜெயித்தால் அது அப்பாவுடையது, தோற்றால் மட்டும் தன்னுடையது என்று பிள்ளைக்குத் தோன்றியதாம். ஐம்பது வயதுக்கு மேல் வீனர் எழுதிய சுயசரிதையில் அந்தக் காயம் ஆறாமலே இருக்கிறது. அது பத்திரிகைக் காலம், மறுநாள் காகிதம் பொட்டலம் மடிக்கப் போய்விடும். இந்த வீடியோ போகாது. பதினைந்து வயதில் அவன் வகுப்புப் பிள்ளைகள் அதை எடுத்துப் போட்டுச் சிரிப்பார்கள்.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு துறைமுகத்தில் நிற்கும், உன் மாமா வீட்டில்தான் இருப்பார், வலை வேலை கொள்ளைகொள்ளையாகக் கிடக்கும். பள்ளி விடுமுறை விட்டதும் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து விடு, பாப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். செல்போன் கொடுத்து அனுப்பாதே. யூடியூப் விஷயத்தை நீ உன் அப்பாவிடம் பேச வேண்டாம், மனஸ்தாபம் வரும். நானே பேசிக்கொள்கிறேன். அவன் எனக்கு இளையவன், சொன்னால் கேட்பான். கேட்காவிட்டால் அந்த சேனலுக்குப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும், உன் சித்தப்பா மகன்தான், அவனிடம் பேசுவேன்.

அன்புடன்,
அத்தை